நுரை குற்றமா, குணமா? பெல்ஜிய பீர் பப்: வாசகர் கேள்விகள்

பெல்ஜிய பாணி பீர் பப்புக்குப் போய்வந்த வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: ‘இது கெட்டுப்போனதா, இல்லை இப்படித்தான் இருக்குமா?’ இந்த இதழில் அவற்றுக்கே முதலிடம்.

கேள்வி: டுவெல் என்ற பெல்ஜிய பீர் கேட்டேன். கிளாஸில் பாதிக்குப் பாதி நுரைதான் நின்றது. அளவில் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டுவெல் பாட்டில் 33 சென்டிலிட்டர். அதற்கென்று செய்த வயிறு பெருத்த கிளாஸ், முழு பாட்டிலையும் அதற்கு மேல் எழும் நுரையையும் சேர்த்துக் கொள்ளும்படி பெரிதாக இருக்கும். லாகர் எனப்படும் சாதாரண வெளிர் பீரில் லிட்டருக்கு 5 கிராம் அளவில் கரியமில வாயு இருக்கும். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் டுவெல்லில் அது 8 கிராமைத் தொடும். போதாததற்கு கிளாஸின் அடியில் ‘டி’ எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் குமிழிகள் பிறந்து ஓயாமல் மேலே ஏறுகின்றன. இரண்டு நிமிடம் பொறுங்கள், நுரை படியும். பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதையும் ஊற்றிக்கொள்ளலாம்.

குழாய் பீருக்குக் கணக்கு வேறு. ஐரோப்பிய கிளாஸ்களின் கழுத்தருகே 25 அல்லது 33 சென்டிலிட்டர் என்று ஒரு கோடு இருக்கும். பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே நிற்க வேண்டும். நுரை அடங்கிய பிறகு பீர் கோட்டுக்குக் கீழே நின்றால், ‘நிரப்பித் தாருங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

உண்மையில் நுரையே இல்லாமல் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். கிளாஸில் எண்ணெய்ப் பசையோ, உதட்டுச்சாயமோ, அலசாத சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. குமிழிகள் பக்கச் சுவரில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். சுத்தமான கிளாஸில் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வளையமாக நுரை படிந்துகொண்டே இறங்கும். பொரித்த உருளைக்கிழங்கு தின்ற உதட்டோடு குடித்தாலும் நுரை மடியும் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு பப் பொறுப்பல்ல.

கேள்வி: ஈர கிளாஸிலேயே பீர் பிடித்தார்கள். பிறகு கத்தியால் நுரையை வழித்துக் கீழே தள்ளினார்கள். இது என்ன பழக்கம்?

முறையே அதுதான். குளிர்ந்த தண்ணீரில் அலசும்போது தூசியும் சோப்பு மிச்சமும் போகும், கிளாஸின் சூடும் தணியும். ஈரச் சுவரில் பீர் வழுக்கி இறங்குவதால் நுரை கட்டுக்குள் இருக்கும். அடுத்து, குழாயை ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்து, முதலில் சீறும் நுரையைக் கீழே விட்டு, கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். நிரம்ப நிரம்ப நிமிர்த்த வேண்டும். குழாயை அரைகுறையாகத் திறந்தால் வருவதெல்லாம் நுரைதான். மேலே நிற்கும் பெரிய குமிழிகள் சீக்கிரம் உடைந்து கீழே உள்ள மென்நுரையையும் கலைத்துவிடும் என்பதால்தான் கத்தியால் வழிக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. குழாயின் மூக்கு பீருக்குள் முங்கக் கூடாது. கத்தி நிற்கும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரில் ஊறும் கத்தியைக் கண்டால் பாட்டில் பீருக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: பாட்டிலின் அடியில் வெள்ளையாக வண்டல். காலாவதியா?

ஈஸ்ட். பாட்டிலில் நொதித்த பீர் எல்லாவற்றிலும் இருக்கும், உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கலந்துவிட்டால் பீர் கலங்கி, லேசான கசப்பு ஏறும். அதனால் பாட்டிலை நிற்கவைத்தே குளிரூட்ட வேண்டும். படுக்கவைத்தால் வண்டல் பக்கவாட்டில் படிந்து, ஊற்றும்போது கிளம்பிவரும். சாய்த்து, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றி, அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். வண்டலை ருசி பார்க்க ஆசைப்பட்டால் தனியாகச் சின்ன கிளாஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோதுமை பீர் மட்டும் இதற்கு நேர்மாறு. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த ஹூகார்டன் போன்றவை கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். கடைசிக் கொஞ்சத்தைப் பாட்டிலிலேயே சுழற்றி மேலே ஊற்றுவார்கள்.

மூடியைத் திறந்ததுமே பீச்சியடித்தால் அந்த பாட்டில் சூட்டில் இருந்திருக்கும், குலுங்கியிருக்கும், அல்லது உள்ளே வேண்டாத கிருமி புகுந்திருக்கும். மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஒன்று வினிகர் போலப் புளித்தது, இன்னொன்றில் குதிரை லாய வாசம். திருப்பித் தரலாமா?

எதைக் கேட்டு வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

குய்ஸ் வாங்கியிருந்தால் புளிப்புதான் அதன் உயிர். பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், கொதித்த தானியச் சாற்றைத் திறந்த அகலத் தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவுமே அதை நொதிக்கவைக்கும். இதுதான் லாம்பிக். மரப் பீப்பாயில் 1, 2, 3 ஆண்டுகள் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் குய்ஸ். 1900-இல் தொடங்கிய காந்தியோன் ஆலை இன்றும் பிரஸ்ஸல்ஸில் இப்படித்தான் செய்கிறது. பழக்கமில்லாதவர்கள் முதலில் புளிப்புச் செர்ரி ஊறவைத்த க்ரீக் வாங்கிப் பார்ப்பது நல்லது. குதிரை வாசம் ஓர்வால் என்ற பீரில் வந்திருந்தால் அதுவும் இயல்பே. அதில் சேர்க்கும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மாதக்கணக்கில் வேலை செய்து அந்த வாசத்தை வளர்க்கும். லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருக்கும். புதியதில் ஹாப்ஸ் பூவின் மணம் தூக்கலாகவும், பழையதில் லாய வாசம் தூக்கலாகவும் இருக்கும். பல பெல்ஜிய பீர்களில் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும்கூட ஈஸ்ட் தருவதுதான்.

குழாயில் பிடித்த சாதாரண பில்ஸோ (லாகர் வகை) பிளாண்டோ (பொன்னிற பீர்) புளித்தால் அது குற்றம். பப்பின் குழாய்கள் அழுக்கு என்று பொருள். வெண்ணெய் வாசம் வந்தாலும் பெரும்பாலும் அதே காரணம்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலைக் குழாய்களுக்குள் 15 நிமிடமாவது சுழலவிட்டுக் கழுவ வேண்டும்; பல பப்கள் தவறுவது இங்கேதான். நனைந்த அட்டை வாசம் என்றால் பீர் பழசு, அல்லது சூட்டில் கிடந்தது. பச்சை பாட்டிலில் வந்த பீரில் எரிந்த ரப்பர் போன்ற நெடி அடித்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டது. பழுப்பு பாட்டில் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும்.

திருப்பித் தருவதானால் இரண்டு மடக்கோடு நிறுத்திவிட வேண்டும். முக்கால் கிளாஸ் காலியான பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். ‘நல்லா இல்லை’ என்று சொல்லாமல், ‘பில்ஸில் வெண்ணெய் வாசம் வருகிறது, பாட்டிலில் இருந்தால் மாற்றித் தாருங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்ல பப் மறுக்காது.

கேள்வி: கறுப்பு பீர் ஜில்லென்று இல்லை. ஃப்ரிட்ஜ் பழுதா?

வேண்டுமென்றே அப்படித் தருவார்கள். கோதுமை பீர் 4 டிகிரியில் நன்றாக இருக்கும். டிரிப்பெல் என்ற வீரியமான பொன்னிற பீருக்கு 8 டிகிரி. ரோஷ்ஃபோர் 10 போன்ற கனத்த கறுப்பு பீருக்கு 12 டிகிரிகூடச் சரி, அதற்குக் கீழே உலர்பழ மணம் வெளியே வராது. ஃப்ரீசரில் வைத்த பனி பூத்த கிளாஸைத் தருகிற பப்புக்கு பெல்ஜிய பீர் தெரியவில்லை என்றே சொல்வேன்.

கேள்வி: மூன்றே மூன்று டிரிப்பெல். எழுந்து நிற்க முடியவில்லை. கலப்படமா?

கலப்படம் இல்லை, கணக்கு. 25 சென்டிலிட்டர் பில்ஸ், 5 சதவீதம்: சுமார் 10 கிராம் ஆல்கஹால். 33 சென்டிலிட்டர் வெஸ்ட்மாலெ டிரிப்பெல், 9.5 சதவீதம்: சுமார் 25 கிராம். மூன்று குடித்தால் 75 கிராம், அதாவது ஏழரை பில்ஸ். ரோஷ்ஃபோர் 10 என்றால் 11.3 சதவீதம், ஒரு பாட்டிலுக்கே 29 கிராம்.

காய்ச்சும்போது சேர்க்கும் சர்க்கரை பீரை மெலிதாக்கிவிடுவதால் வீரியம் நாக்குக்குத் தெரிவதில்லை. கல்லீரல் மணிக்கு 7, 8 கிராம்தான் கழிக்கும். ஒரு டிரிப்பெல் கழிய மூன்று மணி நேரத்துக்கு மேல், மூன்று கழியப் பத்து மணி நேரம். காபியோ குளியலோ இதை ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. பெல்ஜியத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வாகன ஓட்டிகளுக்கு எல்லை. குடித்த இரவில் வண்டியைத் தொடவே தொடாதீர்கள். மூன்று டிரிப்பெல் என்றால் மறுநாள் காலையிலும் வேண்டாம்.

மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தை முதலில் படியுங்கள். லேசானதில் தொடங்குங்கள், கனத்தது ஒன்றோடு நிறுத்துங்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள். பெல்ஜியத்தில் தண்ணீரையும் பாட்டிலாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: ‘அபே’ (மடம்) என்று போட்டதெல்லாம் துறவிகள் காய்ச்சியதா?

இல்லை. ‘டிராப்பிஸ்ட்’ என்று இருந்தால்தான் மடத்தோடு நேரடித் தொடர்பு. மட வளாகத்துக்குள்ளேயோ அதை ஒட்டியோ, துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சி, வருமானத்தை மடத்துக்கும் அறப்பணிக்கும் தர வேண்டும். அறுகோண முத்திரை அதைக் காட்டும். பெல்ஜியத்தில் இப்படிப்பட்டவை வெஸ்ட்மாலெ, வெஸ்ட்ஃப்ளேடரன், ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர். லெஃப் போன்ற அபே பீர்கள் பெரிய ஆலைகளில் காய்ச்சப்படுபவை. குடிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் டிராப்பிஸ்ட் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெரிய கிளாஸுக்குப் பிணையாக ஒரு காலணியைக் கழற்றச் சொன்னார்கள். தரலாமா?

தரலாம். கென்ட் நகரின் ‘டுல்லெ கிரீட்’ பப்பில் 1.2 லிட்டர் கிளாஸுக்கு இதுதான் வழக்கம். காலணியைக் கூடையில் போட்டு உத்தரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். மரத்தாங்கியில் நிற்கும் குவாக் பாணி கிளாஸ் என்றால் கவனம்: கடைசியில் அடிக்குமிழுக்குள் திடீரென்று காற்று புகுந்து பீர் முகத்தில் அடிக்கும். மெல்லச் சாய்த்து, சுழற்றிக்கொண்டே குடியுங்கள்.

கேள்வி: மஸ்ஸல் (கடல் சிப்பி) சட்டியில் சில ஓடுகள் திறக்கவில்லை. ஃப்ரைஸும் நமுத்திருந்தது.

திறக்காத ஓடுகளை ஒதுக்கிவிடுங்கள். ஒரு சட்டி என்பது ஓட்டோடு சேர்த்து ஒரு கிலோ அளவு, அதில் நாலைந்து மூடியிருப்பது சகஜம். காலி ஓடுகளைப் போடச் சட்டியின் மூடிதான் தட்டு. முதலில் காலியான ஓட்டை இடுக்கி போலப் பிடித்து மற்றவற்றின் சதையை எடுக்கலாம். பாதிச் சட்டி மூடியிருந்தாலோ, நாற்றம் அடித்தாலோ தொடாமல் அனுப்பிவிடுங்கள்.

ஃப்ரைஸ் நமுப்பது சமையலறையின் அவசரம். 150 டிகிரியில் ஒருமுறை வேகவைத்து, எடுத்து முழுக்க ஆறவிட்டு, 180 டிகிரியில் மறுபடி பொரிக்க வேண்டும். ஆறவிடாமல் பொரித்தாலோ, பொரித்ததை மூடிவைத்தாலோ உள்ளே இருக்கும் ஆவி மொறுமொறுப்பைக் கொன்றுவிடும். மூடாமல், புதிதாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள்.