குடும்பமாகச் சமூக உடற்பயிற்சி மையத்தில் சேர்ந்தால் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பக்கத்துத் தெரு ஜிம்மா, எல்லோருக்கும் பொதுவான விளையாட்டு மையமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் காசு கட்டியவன் நான்.

டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மன்னார்குடியிலிருந்து வந்து எங்களோடேயே தங்கிவிட்ட அம்மா. முதலில் நானும் மனைவியும் சேர்ந்தது ஜிம்மில்தான். ஆளுக்கு 18,000 ரூபாய், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டினோம். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நான் போனது 41 நாள், மனைவி 23 நாள். ஒரு தடவைக்கு 560 ரூபாய்க்கு மேல்! அதற்குக் கரோல் பாக் போய்த் தோசையாவது சாப்பிட்டிருக்கலாம்.

சோம்பல் ஒரு பாதிக் காரணம், ஒத்துக்கொள்கிறேன். மறுபாதி வேறு. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஒருவர் போனால் மற்றவர் வீட்டுப்பாடம், சமையல் என்று மாட்டிக்கொள்ள வேண்டும். நான் திரும்பி வந்தபிறகு அவள் கிளம்புவதற்குள் மணி எட்டரை. ரசீதில் எழுதாத செலவு இதுதான். அதை அதிகம் கட்டியது அவள்.

அப்புறம்தான் டிடிஏ விளையாட்டு வளாகங்கள் பக்கம் போனோம். டிடிஏ என்றால் டெல்லி வளர்ச்சி ஆணையம்; சிரிஃபோர்ட், சாகேத், துவாரகா என்று பல இடங்களில் நடத்துகிறது. எங்களுக்குப் பக்கம் யமுனா வளாகம். 2010 காமன்வெல்த் போட்டியின் டேபிள் டென்னிஸும் வில்வித்தையின் ஆரம்பச் சுற்றுகளும் நடந்த இடம். உறுப்பினராகாமல் அன்றன்றைக்குக் காசு கட்டி விளையாடவும் வழி உண்டு. பெரியவன் பேட்மிண்டன், சின்னவள் கோடையில் நீச்சல், நாங்கள் நடை, கொஞ்சம் ஜிம். அதே ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் வேலை முடிகிறது. பிள்ளைகளுக்குத் தினம் 60 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபிளாட்டுக்குள் அதற்கு எங்கே போவது?

அம்மாதான் நான் எதிர்பார்க்காத லாபம். முட்டி வலி என்று மெதுவாகத்தான் நடப்பார். ஆனால் நடைபாதையில் நாலு பேரைப் பிடித்துக்கொண்டார். அதில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, கையைக் கடிக்கும் இடங்கள். கோச்சிங்குக்குத் தனிக் கட்டணம். ஷட்டில் காக், நீச்சலுடை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்துவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாட்களில் வெளியே நடப்பதே கெடுதல். அதனால் டெல்லியில் வருஷச் சந்தாவைப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள், ஒன்பதால் வகுங்கள்.

ஜிம்மையே தேர்ந்தெடுத்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதிலும் உடனே சேர வேண்டாம். மூன்று வாரம் தினக் கட்டணத்தில் போய், போன நாளையெல்லாம் காலண்டரில் சுழியுங்கள். மனைவிக்குத் தனி நிறப் பேனா.