வாசகர் கேள்வி – பதில்: அரசின் கை தளர்ந்துவிட்டதா?

கேள்வி: உலகமயமாதலால் அரசுகள் வலுவிழந்துவிட்டன என்று ஒரு சாராரும், அரசின் பிடி முன்னைவிட இறுகியிருக்கிறது என்று மறுசாராரும் எழுதுகிறார்கள். இவற்றுள் எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். எந்நேரமும் எல்லை தாண்டக்கூடிய மூலதனத்தின் முன் தயங்கி நிற்கும் அரசே, கடவுச்சீட்டும் நுழைவிசைவும் (விசா) இன்றி நகர இயலாத மனிதரின் முன் அதிகாரத்தோடு நிற்கிறது.

2015 ஜூலை 5 அன்று கிரேக்கத்தில் நடந்த பொது வாக்கெடுப்பில், கடன் கொடுத்தோர் முன்வைத்த சிக்கன நிபந்தனைகளை வாக்களித்தோரில் ஏறத்தாழ 61 சதவீதத்தினர் நிராகரித்தனர். ஆயினும் வங்கிகள் மூடிக் கிடந்த நேரத்தில், யூரோவைப் பயன்படுத்தியதால் தனக்கென்று சொந்த நாணயம் இல்லாத அவ்வரசு, பத்து நாள்கள் கழிவதற்குள் அவற்றுக்கு இணையான நிபந்தனைகளுக்கு இசைந்தது. மலேசியாவிடம் சொந்த நாணயம் இருந்தது. ஆசிய நிதி நெருக்கடியின்போது, 1998 செப்டம்பரில், அது மூலதன வெளியேற்றத்துக்குத் தடை விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என மாற்று விகிதத்தை நிலைநிறுத்தியது. மறு ஆண்டே அதன் பொருளாதாரம் வளர்ச்சிக்குத் திரும்பியது. நிபந்தனைகளுடன் கடன் தரும் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வழியில் சென்ற தென்கொரியாவும் அதே ஆண்டில் மீண்டதால், தடைதான் மலேசியாவைக் காப்பாற்றியது என்று அறுதியிட மாட்டேன். மாற்று வழியைத் தேர்ந்தெடுக்க அதற்கு இடம் இருந்தது என்பதே இங்கு முக்கியம்.

ஓசையின்றி நேரும் இழப்பு வேறொன்று உண்டு. சிகரெட் பெட்டிகளில் வணிக அடையாளங்களைத் தடைசெய்த ஆஸ்திரேலியச் சட்டத்தை எதிர்த்து, அயல் முதலீட்டாளர் அரசின்மீதே வழக்குத் தொடுக்க இடமளிக்கும் ஹாங்காங்குடனான முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் பிலிப் மோரிஸ் நிறுவனம் 2011இல் தொடுத்த வழக்கு, 2015இல் தள்ளுபடி செய்யப்பட்டது. வழக்குத் தொடுக்கும் நோக்கத்துடனேயே நிறுவன உரிமை ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டது வழக்குரிமையின் துஷ்பிரயோகம் என அதை விசாரித்த பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் கண்டது. செல்வ நாடு வாதாடி வென்றது. ஆண்டுக்கணக்கில் வழக்குச் செலவைத் தாங்க இயலாத நாடோ, அத்தகைய சட்டத்தை எழுதுவதற்கே அஞ்சும்.

கேள்வி: அப்படியானால் உலக வர்த்தக அமைப்பு, அரசுகளுக்கு மேலான அரசாகிவிட்டதா?

பதில்: இல்லை. வழக்கில் வென்ற நாட்டுக்கு அது இறுதியாகத் தரக்கூடியது, தோற்ற நாட்டின் பொருள்கள்மீது பதில் வரி விதிக்கும் அனுமதி மட்டுமே. சிறு நாடு அதனால் பெருநாட்டை அசைப்பது அரிது. நடுவர் நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால், 2019 டிசம்பர் முதல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அவையே செயலிழந்து கிடக்கிறது.