காட்பாடி டீக்கடைச் சண்டை: 194 வழக்கு

வண்டி உரசியதில் டீக்கடை வாசலில் உங்கள் தம்பியும் இன்னொருவரும் அடித்துக்கொண்டார்கள், போலீஸ் இருவர் மீதும் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (BNS) பிரிவு 194(2) போட்டுவிட்டது, இனி அரசு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதறாதீர்கள். பொது இடத்தில் கைகலந்து அமைதியைக் கெடுத்தால் வரும் பிரிவு அது. அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் 100 ரூபாய்தான். 2024 ஜூலையில் ஏறியது. ஜாமீன் ஸ்டேஷனிலேயே கிடைக்கும், அது உரிமை.

யார் முதலில் கை வைத்தார் என்பது இதில் பெரிதாக எடுபடாது. ஆனால் தம்பி திருப்பி அடிக்கவே இல்லை, அடி மட்டும்தான் வாங்கினார் என்றால் கதையே வேறு. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் ஏஆர் காப்பி (காயத்தைக் குறித்துவைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். கடை சிசிடிவி பதிவையும் இன்றைக்கே கேளுங்கள், அழிந்துவிடும்.

அப்புறம், "ஃபைன் கட்டினால் முடிந்தது" என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினால் அது தண்டனைதான். கோர்ட்டில் வக்கீலைப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம். கையில் காசில்லை என்றால் அங்கேயே இலவச சட்ட உதவி கேட்கலாம்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். மறைத்துவிட்டு விசாரணையில் மாட்டினால் வேலை போவது அதனால்தான். போலீஸ் வேலைக்கு மட்டும் கெடுபிடி அதிகம்: சந்தேகத்தின் பலனில், அதாவது குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று, விடுதலையானாலும் ஒதுக்கிவிடுவார்கள்.