பேருந்துக் கட்டணத்தை யாரிடம் வாங்குவது?

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குச் சொத்து வரி கட்டுகிறவர்கள் நாங்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் பிள்ளைகளும் எங்கள் மஞ்சள் பேருந்தில் காசில்லாமல் போகிறார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்கினால் என்ன தவறு?
– ஒரு வாசகர், அமெரிக்கா

பதில்: வசதி உள்ளவரிடம் வாங்குங்கள், தவறில்லை. இருப்பவர், இல்லாதவர் எல்லாரிடமும் ஒரே தொகை என்றால் அது அநியாயம்.

வரிப்பணம் உங்களுடையது என்பது முழுக் கணக்கு அல்ல. மாவட்ட எல்லை தாண்டிப் படிக்கலாம் என்று 1988-இல் மாநிலம் முழுவதற்கும் முதலில் சட்டம் போட்டது மினசோட்டா. அங்கே மாநில அரசு தரும் கல்வி நிதி, பிள்ளை எந்த மாவட்டத்தில் சேர்கிறதோ அங்கே போகிறது. வெளியூர்ப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டிலிருந்து எல்லை வரை கொண்டுவந்து விடுவதும் பெற்றோர் பொறுப்புதான். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மைலுக்கு 15 சென்ட் வரை பள்ளி மாவட்டம் திருப்பித் தரலாம் என்கிறது சட்டம். தரவேண்டும் என்று சொல்லவில்லை. காரே இல்லாத வீட்டுக்கு மைல் கணக்கில் காசு கொடுத்து என்ன பயன்? கார் வைத்திருப்பவர்களுக்கும், காலையில் வேலைக்கு ஓடவேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கும் மட்டும்தான் அந்தச் சட்டத்தால் நன்மை.

கட்டணம் ஏழைக் குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு வடக்கு டகோட்டாவின் டிக்கின்சன் வழக்கைப் பாருங்கள். பள்ளியிலிருந்து சுமார் 16 மைல் தள்ளி இருந்த கட்ர்மஸ் குடும்பம் அது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 97 டாலர் பேருந்துக் கட்டணம். பாக்கி ஏறிப்போய், 1985-இல் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடவில்லை. பேருந்து நின்றது. சொந்த வண்டியில் மகளைக் கொண்டுபோய் விட ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவானது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-இல் 5-க்கு 4 என்று தோற்றது. பேருந்தைக் காசில்லாமல் விடவேண்டும் என்று அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றார் நீதிபதி ஓ'கானர். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், இது ஏழைகளுக்குக் கல்வியில் சமவாய்ப்பை மறுப்பது என்றார். என் மனம் மார்ஷல் பக்கம்தான்.

ஆக, கட்டணம் வாங்குவதை நாட்டின் அரசியல் சட்டம் தடுக்கவில்லை. எப்படி வாங்குவது என்பதில்தான் உங்கள் ஊர் தன் நியாயத்தைக் காட்டவேண்டும். கலிபோர்னியாவிலும் பெற்றோரிடம் பேருந்துக் கட்டணம் வாங்கலாம். 1992-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. ஆனால் வசதியற்ற பெற்றோரிடமும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகவும் வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் கட்டணம் கேட்டு எழுந்து நிற்கும்போது, இந்த விலக்கையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏழைகள் தனியாக மனுப் போட்டு அலையவேண்டியதில்லை. யாருக்கு இலவச மதிய உணவு என்ற பட்டியல் பள்ளியிடம் இருந்தால், பெற்றோரின் சம்மதத்தோடு அதையே வைத்து விலக்குக் கொடுத்துவிடலாம்.