நவம்பர் 30 வரை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு, வணக்கமுங்க.

எனக்கு 38 வயது. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி 13 வருடமும் அங்கேயே இருந்தவள். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மதுரை. அவர் வேலை பார்க்கும் டூவீலர் உதிரி பாகக் கம்பெனி இங்கே கிளை திறந்து, இவரை மேனேஜராகப் போடுவதாகச் சொன்னது. அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார். மே மாதக் கடைசியில் விளாங்குடிக்குக் குடி வந்தோம். நாலரை மாதம் ஆகிறது. எனக்கு இந்த ஊர் ஒத்துவரவே இல்லை.

நான் கோபத்தில் எழுதவில்லை. பஞ்சாலை ஆய்வகத்தில் 11 வருடம் நூல் தரம் பார்த்தவள். கோன் (நூல் சுற்றிய கூம்பு) வந்த உடனே எடுத்துச் சோதிக்க மாட்டோம். 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் 24 மணி நேரம் வைத்துவிட்டுத்தான் கவுண்ட் (நூலின் பருமன்) எடுப்போம், லீ ஸ்ட்ரெங்த் (நூலின் வலு) பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,380. சிறுவாணித் தண்ணீரில் இதே மீட்டர் 50-ஐத் தாண்டியதில்லை. துவைக்கிற இயந்திரத்தின் ஹீட்டரில் நாலே மாதத்தில் சுண்ணாம்பு படிந்துவிட்டது. ஆர்.ஓ. வடிகட்டி ஒரு குடம் கொடுக்க மூன்று குடத்தைக் கீழே விடுகிறது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

சாமான் ஏற்றியவர்கள் செய்தது இன்னொரு கூத்து. முழு வண்டி என்று பணம் வாங்கிக்கொண்டு, திண்டுக்கல்லில் இறக்க வேண்டிய இன்னொரு வீட்டுச் சாமானையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரவேண்டியது மறுநாள் மதியம் வந்தது. பீரோவைக் காலி செய்யாமல் துணியோடு சாய்த்துத் தூக்கியதில் சட்டம் முறுக்கி, இப்போது கதவு பூட்டுவதில்லை. 46 பெட்டி என்று கையெழுத்து வாங்கினார்களே தவிர, பெட்டிக்கு எண் போடவில்லை. எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் 6 பெட்டிகள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கின்றன.

மகள் ஆறாம் வகுப்பு. டி.சி. கையில் வாங்கியும், பழைய பள்ளி எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போடாமல் 9 நாள் இழுத்தார்கள். அதுவரை புதுப் பள்ளியில் ஃபீஸ் கட்டியும் பெயர் ஏறவில்லை. வகுப்பில் பிள்ளைகள் அவளுக்கு ‘ஏனுங்க’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். இப்போது அவளே ‘அம்மா, அந்த டப்பாவ அங்கிட்டு வை’ என்கிறாள். கேட்டாலே எரிச்சலாக வருகிறது.

சிலிண்டர் 2 இருந்தது. ஊர் விட்டு ஊர் என்பதால் இரண்டையும் ரெகுலேட்டரோடு ஒப்படைத்தோம். 2014-இல் கட்டிய டெபாசிட் ஒன்றுக்கு 1,450 திரும்பக் கொடுத்தார்கள். இங்கே புதிதாக எடுத்தபோது ஒன்றுக்கு 2,200. அதில் மட்டும் 1,500 ரூபாய் போனது. பழைய வீட்டின் சொந்தக்காரர் அட்வான்ஸில் பெயிண்டுக்கென்று 14,000 பிடித்துக்கொண்டார். 6 வருடம் குடியிருந்த வீட்டுக்குப் பெயிண்ட் அவர் பொறுப்பில்லையா? அந்த ஆளிடம் இதைக் கேட்கவும் முடியவில்லை, மில்லிலிருந்து ஏதாவது தபால் வந்தால் அந்த முகவரிக்குத்தான் வரும், கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் ராஜினாமா எழுதிக் கொடுக்கவில்லை, சம்பளமில்லா விடுப்புதான், ஆறு மாதம், நவம்பர் 30 வரை. என் வீட்டுக்காரர், நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது பெரிய விஷயமில்லை. பெயிண்டுக்கு 14,000 என்பது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

செல்லூரில் இருக்கும் நாத்தனார் வாரம் ஒருமுறை வந்து, ‘எங்க ஊரு மல்லி மாதிரி வருமா’ என்று பெருமை பேசிவிட்டுப் போகிறார். இவர் ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடப் படித்த சிநேகிதர்கள். 11 வருட வேலையை விட்டுவிட்டு வந்தாளே, செட்டில்மென்ட் எவ்வளவு வந்தது, வீட்டில் சும்மா இருக்கக் கஷ்டமாக இருக்கிறதா என்று இந்த நாலரை மாதத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவர் சொந்த ஊருக்கு வந்துவிட்டார். நான்தான் தண்ணீர் கேனை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஊரை எப்படிச் சகித்துக்கொள்வது என்று சொல்லுங்கம்மா.

– பெயர் வேண்டாம், விளாங்குடி, மதுரை

*

அன்புச் சகோதரிக்கு,

நோட்டுப் போட்டு எழுதியவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தண்ணீருக்கு 1,380, பெட்டிக்கு 46, எமிஸுக்கு 9 நாள். பெயிண்ட் கணக்கை வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் கேளுங்கள். நான் பேசப்போவது அந்தக் கணக்குக்கு நடுவில் ‘பெரிய விஷயமில்லை’ என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன வரியைப் பற்றி.

நீங்கள் வேலையை விடவில்லை. விட்டதாக உங்கள் கணவர் நினைக்கிறார். அதற்கு நவம்பர் 30 என்று ஒரு கெடு இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்துப் பாருங்கள். சுண்ணாம்பு, பீரோ, பட்டப்பெயர், நாத்தனாரின் மல்லிகை எல்லாம் சாட்சிகளாக வரிசையில் வந்து நிற்கின்றன. மதுரை சரிப்படாது என்று நவம்பர் 30-க்குள் தீர்ப்பாகிவிட்டால், நீங்கள் விடுப்பு எழுதிக் கொடுத்தது முன்யோசனை. சரிப்பட்டுவிட்டால், அதே விடுப்பு கணவரிடம் சொன்ன பொய். அதனால்தான் ஊர் தோற்றாக வேண்டும் என்று உங்களையும் அறியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். 11 வயதுப் பெண் ‘அங்கிட்டு’ என்றால் அம்மாவுக்கு ஏன் எரிச்சல் வர வேண்டும்? கேலி செய்த பிள்ளைகளின் பேச்சையே எடுத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்துவிட்டாளே, சாமர்த்தியசாலி என்று வேறு நேரமாக இருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். உங்கள் வழக்கில் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

தரம் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கே தெரியும். மாதிரி எங்கிருந்து எடுத்தது என்று எழுதாத ரிப்போர்ட்டை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். நல்ல கோனை ஒதுக்கிவிட்டு அறுந்த கோனிலிருந்தே 20 மாதிரி எடுத்தால், ஒவ்வொரு எண்ணும் சரியாக இருக்கும், ரிப்போர்ட் தப்பாக இருக்கும். குடிநீரில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. 1,380 கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்கும் நவம்பர் 30-க்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். கணவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். செட்டில்மென்ட் எவ்வளவு வந்தது என்று அவர் ஒரு நாள் ராத்திரி கேட்டிருந்தால் என்ன பதில் வைத்திருந்தீர்கள்? அவர் கேட்கவில்லை என்ற கோபமும், நல்லவேளை கேட்கவில்லை என்ற ஆசுவாசமும் ஒரே ஆளுக்குள் நாலரை மாதமாகக் குடியிருந்தால் முடி கொட்டாமல் என்ன செய்யும். தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வேலையை விட மனம் வராததில் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். 11 வருடம் என்பது ஆய்வக மேசை, அதில் உங்கள் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு, மாதம் பிறந்தால் உங்கள் பெயரில் வரும் சம்பளம். ஒரு வாரத்தில் இதைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்கும் கை வராது. உங்களைக் கேட்காமல் கம்பெனியில் தலையாட்டிவிட்டு வந்தது கணவரின் தவறு. அதை நான் மழுப்பப் போவதில்லை. பதவி உயர்வைச் சொல்லும்போதே ‘உன் வேலை என்ன ஆகும்’ என்ற கேள்வியும் அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் தனியாக ஒரு முடிவை எடுத்தார், நீங்கள் தனியாக ஒரு முடிவை ஒளித்து வைத்தீர்கள். அவர் செய்தது வீட்டுக்கே தெரிந்தது, அவரோடு நேருக்கு நேர் சண்டை போட வழி இருந்தது. நீங்கள் செய்ததில் அவருக்கு அந்த வழியும் இல்லை. கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரிந்த விஷயம் வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு தபால் கைமாறி வந்து அவருக்குத் தெரியும் நாளில், நீங்கள் எழுதி வைத்திருக்கும் நியாயமான குறைகள் எல்லாம் சேர்ந்து அடிபட்டுப் போகும். மேனேஜர் வேலையை அவர் கேட்காமல் ஒத்துக்கொண்டது உட்பட.

ஆகவே சொல்லிவிடுங்கள். இந்த மாதத்துக்குள். ராத்திரி ஒன்பதரைக்கு, பசியோடு வந்தவரிடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பும் முன்னால், மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, விடுப்புக் கடிதத்தின் நகலைக் கையில் கொடுங்கள். ‘நான் வேலையை விடலை, விட்டுட்டேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்’ என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். ‘நீங்க என்னைக் கேட்டீங்களா’ என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பேச்சு அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும். அந்தக் கேள்விக்கும் ஒரு நாள் உண்டு, மறுநாளே கூட இருக்கலாம். அவர் கோபப்படுவார். கோபப்பட அவருக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தடுக்காதீர்கள். ஒருவேளை அவர் இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே பதிலுக்குப் பயந்துதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சொந்த ஊருக்கு வந்துவிட்ட சந்தோஷத்தைக் கெடுக்கிற கேள்வி அது என்று அவருக்கும் தெரியும். இது என் ஊகம் மட்டுமே.

வேலையை என்ன செய்வது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நான் முடிவு சொல்லப் போவதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், கெடு தானாகக் கழிந்துபோக விடாதீர்கள். டிசம்பர் 1-ஆம் தேதி வேலைக்கும் போகாமல், ராஜினாமாவும் கொடுக்காமல் இருந்தால், சொல்லாமல் வராதவர் என்று மில்லில் பதிவாகும். பிறகு விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்குவதற்குள் அலைந்து போவீர்கள். ராஜினாமா என்றால் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், விடுப்பை நீட்டிக்க முடியுமா என்று மில்லின் மனிதவளப் பிரிவுக்கு இப்போதே எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். 11 வருடம் என்பதால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து கடைசி மாதம் 26,000 என்று வையுங்கள். 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000, 11 வருடத்துக்கு 1,65,000. உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்குப் பார்த்து, அந்தத் தாளையும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் வையுங்கள். நீங்கள் எதை விடச் சொல்லிக் கேட்கப்பட்டீர்கள் என்பது அவருக்கு ரூபாயிலாவது தெரியட்டும்.

மில்லுக்கே திரும்புவது என்றால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் இறங்க அஞ்சாறு மணி நேரம். வாரம் ஒருமுறை அது முடியும், மகளுக்கு அந்த ஆறு நாள் யார் என்பதுதான் கேள்வி, நாத்தனாரின் பெயர் அப்போது பேச்சில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். இங்கேயே தேடுவது என்றால், கவுண்டும் லீ ஸ்ட்ரெங்தும் பார்க்கத் தெரிந்த கைக்கு வேலை கோயம்புத்தூரில் மட்டும் இல்லை. திண்டுக்கல், வேடசந்தூர், ராஜபாளையம் எல்லாம் நூற்பாலை ஊர்கள். நீங்கள் குடியிருக்கும் விளாங்குடி திண்டுக்கல் சாலையிலேயே இருக்கிறது. நாலரை மாதத்தில் தண்ணீரைப் பத்து முறையாவது அளந்திருப்பீர்கள். இந்தப் பக்கம் எந்த மில்லில் ஆய்வகத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்ததாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. விசாரித்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். புரிகிறது.

துவைக்கிற இயந்திரத்துக்கு மாதம் ஒருமுறை 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை வெறும் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல் வெந்நீர்ச் சுற்றில் ஓட்டுங்கள். ஹீட்டரில் படிந்தது கரைந்துவிடும். பீரோவை ஒரு வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், சட்டம் முறுக்கியதை நிமிர்த்தலாம்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டிகளை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழ்வீட்டு அக்காவுக்கு மட்டும் இன்றைக்கே போன் போடுங்கள். மில்லிலிருந்து எது வந்தாலும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் விளாங்குடி முகவரிக்கு அனுப்பிவிடச் சொல்லுங்கள், உறையின் மேல் உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதி.