பழைய கிளவுஸைக் கொண்டு வாருங்கள்

கோல்ஃப் கேள்வி–பதில்
(பதில் சொல்பவர்: சென்னையில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக (caddie) வேலை பார்த்து, பிறகு பயிற்சியாளர் ஆனவர்)

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. போன வருடம்தான் செட்டிப்பாளையம் மைதானத்தில் கோல்ஃப் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். கூட ஆடும் நண்பர், "கிளவுஸ் எல்லாம் ஸ்டைலுக்கு. வெறுங்கையில் பிடித்தால்தான் மட்டை கைக்குப் பழகும்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டு ஆடியதில் இடது உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் வந்துவிட்டது. போடட்டுமா, வேண்டாமா?
– கோவை வாசகர்

பதில்: போடுங்கள் சார். ஆனால் கொப்புளத்தை மூடி மறைக்கப் போடாதீர்கள். அது ஏன் வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம்.

வலது கைக்காரர் ஆடும்போது மட்டையை மேல் நுனியில் பிடித்திருப்பது இடது கை, அதிலும் முக்கியமாகக் கடைசி மூன்று விரல்கள். நம்மைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர் டிரைவரை (தூரம் அடிக்கும் நீள மட்டையை) வீசினாலே அதன் தலை மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். தலையின் எடை 200 கிராம் சொச்சம்தான். ஆனாலும் அந்த வேகத்தில் மட்டை கையை விட்டு வெளியே இழுக்கும், பந்தில் படும்போது கைக்குள்ளேயே திருகப் பார்க்கும். இதில் பெரும்பங்கைத் தாங்குவது இடது கை. வலது கை அதற்குக் கீழே, இடது கட்டைவிரலைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது. அதனால்தான் ஒற்றைக் கிளவுஸ், அதுவும் இடது கையில்.

பிடி சரியாக இருந்தால் மட்டை விரல்களின் அடியில் குறுக்காகப் படுத்திருக்கும். மேல் நுனி உள்ளங்கையின் அடிமேட்டுக்குக் கீழே அடங்கிவிடும், அங்கே அசைவே இருக்காது. உங்களுக்குக் கொப்புளம் வந்திருப்பது சரியாக அந்த மேட்டில். அப்படியென்றால் நீங்கள் மட்டையை விரல்களில் பிடிக்காமல் உள்ளங்கையில் வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு ஸ்விங்கிலும் நுனி அங்கே உராய்கிறது. கிளவுஸ் போட்டால் தோல் தப்பிக்கும். உராய்வு நிற்காது.

கேடியாக இருந்த காலத்தில் உறுப்பினர்கள் கழித்துப்போடும் கிளவுஸ்தான் எங்களுக்குக் கிடைக்கும். பத்தில் எட்டு அந்த அடிமேட்டில் ஓட்டையோடு வரும். சிலருடையது கட்டைவிரலில் கிழிந்திருக்கும். அவர்கள் ஸ்விங்கின் உச்சியில் பிடியைத் தளர்த்தி மறுபடி இறுக்குகிறவர்கள். நன்றாக ஆடுகிறவர்களின் கிளவுஸில் ஓட்டையே இருக்காது, வேர்வை உப்புப் பூத்து விறைத்துப்போன பிறகுதான் கைமாறும். இது இன்னாருடையது என்று பெயர் பார்க்காமலே சொல்லிவிடுவோம். இன்றைக்கும் என்னிடம் புதிதாகச் சேருகிறவரை முதல் நாள் பந்து அடிக்கச் சொல்வதற்கு முன் பழைய கிளவுஸைக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒருவர் வீட்டில் தூக்கிப்போட்டுவிட்டேன் என்றார், குப்பைத்தொட்டியில் தேடி எடுத்து வரச் சொன்னேன். எடுத்தும் வந்தார்!

நண்பர் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் வெறுங்கையோடுதான் ஆடினார். 1953-ல் ஒரே வருடத்தில் மாஸ்டர்ஸ், யூ.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என்ற மூன்று பெரிய போட்டிகளையும் வென்றார். 1992-ல் மாஸ்டர்ஸ் வென்ற ஃபிரெட் கப்பிள்ஸ், 2009-ல் யூ.எஸ். ஓப்பன் வென்ற லூகாஸ் குளோவர் இருவரும் கிளவுஸ் போடாதவர்கள். ஆனால் இவர்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்து தினமும் பந்து அடித்தே வளர்ந்தவர்கள், அந்தக் கையின் தோலே வேறு. அறுபதில் ஆரம்பிக்கிற கைக்கு அது பொருந்தாது.

வெறுங்கையில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் கொப்புளம் இல்லை, பயம். மட்டை வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் நம்மை அறியாமலே இறுக்குகிறோம். உடனே முன்கை விறைக்கிறது, மணிக்கட்டு மடங்க மறுக்கிறது, பந்து வலது பக்கம் ஓடுகிறது. சின்னக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்போம் இல்லையா, அந்த அழுத்தம் போதும். கிளவுஸ் போட்டால் அந்த அளவில் நிறுத்த தைரியம் வரும். எனக்குத் தெரிந்து அதன் உண்மையான பிரயோஜனம் இதுதான்.

இன்னொன்று. உங்கள் மட்டைகளின் ரப்பர் கிரிப்பை (கைப்பிடி உறையை) கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? செகண்ட் ஹேண்ட் செட் என்றால் மாற்றியே இருக்காது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பளபளவென்று கல்லாகி இருக்கும். நம் ஊரில் பாதிப் பேர் கிரிப் மேல் போட வேண்டிய பழியைக் கை மேல் போடுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவையுங்கள். அப்போதும் வழுக்கினால் புதிது போட்டுவிடுங்கள்.

ஊரைப் பொறுத்தும் இருக்கிறது. உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருப்பதால் சென்னை அளவுக்கு வேர்க்காது. பிடி திருந்திய பிறகு, ஷார்ட் அயர்ன்களை (குறைந்த தூரத்துக்கான குட்டை மட்டைகளை) மட்டும் வெறுங்கையில் அடித்துப் பாருங்கள், நண்பருக்கும் சந்தோஷம். சென்னையில் சித்திரை, வைகாசியில் இரண்டாவது ஹோல் (குழி) முடிவதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். இங்கே என் மாணவர் யாரையும் கிளவுஸ் இல்லாமல் டிரைவரைத் தொட விடமாட்டேன். ஊட்டியில் ஆடப் போனால் மழைக் கிளவுஸ் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். தோல் கிளவுஸ் நனைந்தால் சோப்பு மாதிரி ஆகிவிடும். மழைக்கென்று செய்யப்படும் செயற்கைத் துணி நனைந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். அதை இரண்டு கையிலும் போட வேண்டும்.

குழியைச் சுற்றியுள்ள மட்டமான புல்தரையான கிரீனுக்குப் போனதும் கிளவுஸைக் கழற்றிவிடுங்கள். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் வேகம் கிடையாது, விரல் நுனியின் உணர்வுதான் எல்லாம்.

கேள்வி: பெண்களுக்கான கிளவுஸ் எனக்கு விரலில் நீளமாகவும் உள்ளங்கையில் இறுக்கமாகவும் இருக்கிறது. நகமும் குத்துகிறது. மோதிரத்தைக் கழற்றத்தான் வேண்டுமா?
– சென்னை வாசகி

பதில்: கழற்றுங்கள் மேடம். கிளவுஸுக்குள் மோதிரம் இருந்தால் விரலும் புண்ணாகும், தோலும் சீக்கிரம் கிழியும். மேட்ச் அன்று பையில் போட்டுத் தொலைக்காமல் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அகன்ற கை, குட்டை விரல் உள்ளவர்களுக்குக் 'கேடட்' என்று தனி அளவு உண்டு, கேட்டு வாங்குங்கள். நீள நகம் வைத்திருப்பவர்களுக்காக விரல் நுனி திறந்த மாடலும் வருகிறது. எதை வாங்கினாலும் கடையிலேயே போட்டுப் பாருங்கள். விரல் நுனியில் தொளதொளவென்று துணி மிஞ்சக் கூடாது, உள்ளங்கையில் சுருக்கம் விழக் கூடாது. வெல்க்ரோ பட்டை கடைசி வரை போய் ஒட்டினால் அது உங்களுக்குப் பெரிது. தோல் எப்படியும் கொஞ்சம் தளரும், அப்போது இழுத்து ஒட்ட இடம் வேண்டும்.

கேள்வி: என் மகன் இடது கைப் பழக்கம் உள்ளவன். அவனுக்கு எந்தக் கைக்கு வாங்குவது?
– மதுரை வாசகர்

பதில்: எழுதும் கையைப் பார்க்காதீர்கள், மட்டை பிடிக்கும் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் மற்ற எல்லாவற்றிலும் வலது கைக்காரர், கோல்ஃப் மட்டும் இடது பக்கம் ஆடுவார். அதனால் கிளவுஸ் வலது கையில். நம் இந்திய வீராங்கனை தீக்‌ஷா டாகரும் இடது பக்கம் ஆடுபவர்தான். உங்கள் பையன் இடது பக்கம் நின்று ஆடினால் வலது கைக் கிளவுஸ். பாக்கெட்டில் எந்தக் கை, எந்தப் பக்க ஆட்டக்காரர் என்று இரண்டும் போட்டிருக்கும். அவசரத்தில் ஒன்றை மட்டும் படித்து வாங்கிவந்து, கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுபவர்கள் நிறைய.

கேள்வி: மழை இல்லாத நாளிலும் இரண்டு கையிலும் போட்டு ஆடலாமா? விதி இடம் கொடுக்குமா?
– திருச்சி வாசகர்

பதில்: தாராளமாக. டாமி கெய்னி என்ற அமெரிக்கர் இரண்டு கிளவுஸோடுதான் ஆடுவார். 2012-ல் அமெரிக்காவின் சீ ஐலண்டில் கடைசி ரவுண்டை 60 அடிகளில் முடித்து, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான பி.ஜி.ஏ. டூர் போட்டியையே வென்றார். கிளவுஸ் சாதாரணமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிரிப்போடு ஒட்டிக்கொள்கிற மாதிரி வெல்க்ரோ வைத்ததெல்லாம் கூடாது.

கேள்வி: தோல் கிளவுஸ் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டு மாதத்தில் அட்டை மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?
– சென்னை வாசகர்

பதில்: ஆடி முடித்ததும் சுருட்டிப் பைக்குள் திணிக்கிறீர்கள், சரிதானே? வேர்வை உள்ளேயே காய்ந்து உப்பாகிவிடுகிறது. ஹோலுக்கு ஹோல் கழற்றிப் பையின் மேல் விரித்துப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டையாக விரித்து நிழலில் காயவையுங்கள், வெயில் ஆகாது. இரண்டு வாங்கி ஒன்பது ஹோலுக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டுமே கூடுதல் நாள் உழைக்கும். ரேஞ்சில் (பந்து அடித்துப் பழகும் திடலில்) பயிற்சிக்கு விலை குறைந்த செயற்கைக் கிளவுஸ் போதும். வாஷிங் மெஷினில் மட்டும் தோல் கிளவுஸைப் போட்டுவிடாதீர்கள்.