லுங்கித் துணியும் ஒரு பிளேடும்

கேள்வி: எங்கள் கல்லூரியில் பன்னாட்டுத் தொழில்முனைவு பாடம் எடுக்கிறேன். அதில் வரும் 'பண்பாட்டு நுண்ணறிவு' பகுதியில், ஜப்பானியருக்கு விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் தர வேண்டும் என்பது போன்றவற்றை மாணவர்கள் நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இது போதுமா? வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லவும் வசதியில்லை.
- விரிவுரையாளர் ஒருவர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது. வேறு பண்பாட்டினரோடு இசைந்து செயல்படும் திறனே பண்பாட்டு நுண்ணறிவு. மேலாண்மை ஆய்வாளர்களான கிறிஸ்டோபர் ஏர்லியும் சூன் ஆங்கும் 2003-இல் நூலாக முன்வைத்த இக்கருத்து, பின்னர் அறிவு, ஆர்வம், நடத்தை, தன் எண்ணத்தைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ளும் திறன் என நான்கு கூறுகளாக வகுக்கப்பட்டது. உங்கள் மாணவர்கள் தேர்வில் எழுதுவது முதல் கூறு மட்டுமே. அதுவும் சீக்கிரம் பழசாகிவிடும். வளைகுடா என்றாலே வெள்ளி, சனி விடுமுறை என்று படித்தவருக்கு, ஐக்கிய அரபு அமீரக அரசு 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியதும், சவுதி அரேபியா மாறாமல் இருப்பதும் தெரிந்திருக்காது.

நான்காவது கூறைத்தான் வகுப்பறையில் பழக்க வேண்டும். அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட்டம் போட்ட லுங்கித் துணி ஒன்றை வாங்கி வந்து மாணவர்கள் முன் விரித்து, இதில் சில நூல்களை மட்டும் பிளேடால் அறுத்து உருவிவிட்டால் விலை கூடுமா குறையுமா என்று கேட்டு, விடையைக் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் துணி வீணாகிவிட்டது என்றே எழுதுவார்கள். நம் பக்கத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய 'மெட்ராஸ் கைக்குட்டை' என்னும் கட்டம் போட்ட கைத்தறித் துணியை, நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி இனப் பெண்கள் அப்படித்தான் நூல் நூலாக அறுத்து உருவிப் புதிய கோலமாக்குகிறார்கள் என்பதையும், அது சடங்குகளில் உடுத்தும் மதிப்புமிக்க ஆடை என்பதையும் அதன்பிறகே சொல்லுங்கள். எந்த நினைப்பு தன்னை அப்படி எழுத வைத்தது, வாங்குபவரிடம் எதைக் கேட்டிருந்தால் அது கலைந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் அதே தாளில் தொடர்ந்து எழுதட்டும்.

அடுத்து, சௌகார்பேட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்கு இருவர் இருவராக அனுப்பி, போகுமுன் எதிர்பார்ப்பதையும் வந்தபின் மாறுபட்டதையும் குறிக்கச் செய்யலாம். ஒரே ஒரு கடைக்காரரைப் பார்த்துவிட்டு 'மார்வாடிகள் எல்லோரும் இப்படித்தான்' என்று முத்திரை குத்தும் மாணவர் நிச்சயம் இருப்பார். அந்தக் குறிப்பையே வகுப்பில் விவாதத்துக்கு எடுங்கள், பெயரைச் சொல்லாமல். அகமதிப்பீட்டில் பாதியையாவது இந்தக் குறிப்புகளுக்கு ஒதுக்கினால்தான் மாணவர்கள் இதைப் பொருட்படுத்துவார்கள்.